ஒரு கீல், ஒரு திருகு, கொஞ்சம் கணக்கு

(கல்லூரி மாணவர்களும் வானியல் ஆர்வலர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேசைமேல் இருக்கும் பொருளை முதலில் பாருங்கள். ஓரடி நீளத்தில் இரண்டு பிளைவுட் பலகைகள். இரண்டையும் ஒரு விளிம்பில் கீல் போட்டு இணைத்திருக்கிறேன். எதிர் விளிம்பில், லேசாக வளைத்த ஒரு திரெட் ராடு மேல் பலகையிலிருந்து இறங்கிக் கீழ்ப் பலகையின் துளைக்குள் போகிறது. அந்த ராடில் ஒரு நட்டு. நட்டைச் சுற்றி ஒரு பற்சக்கரம். பற்சக்கரத்தைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். மேல் பலகையில் கேமரா. இவ்வளவுதான்.

மோட்டார் ஓடத் தொடங்கினாலும் கண்ணுக்கு அசைவு தெரியாது. நட்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று திரும்பும். மேல் பலகை நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும். நமக்குக் கீழே பூமி திரும்பும் திரும்பலை அந்த ஒரு மில்லிமீட்டர் ஈடுகட்டிவிடுகிறது. கேமரா வானத்தோடு சேர்ந்து நகர்கிறது. நட்சத்திரங்கள் படத்தில் புள்ளியாகவே நிற்கின்றன.

கடையில் விற்கும் டிராக்கருக்குப் பல்லாயிரம் ரூபாய் ஆகிறது. இதற்குக் கேமரா நீங்கலாகச் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் விலைக்காக மட்டும் நான் இதைப் பேச வரவில்லை. எந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று கணக்கிட்டுத் தெரிந்துகொள்கிறவருக்குச் சாதாரணப் பலகையிலும் துல்லியம் கிடைக்கும். அது தெரியாதவருக்கு விலையுயர்ந்த கருவியிலும் கிடைக்காது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான்.

நட்சத்திரம் ஏன் கோடாகிறது?

பூமி ஒருமுறை தன்னைச் சுற்றிக்கொள்ள 24 மணி நேரம் என்று படித்திருக்கிறோம். அது சூரியனை வைத்துச் சொல்லும் கணக்கு. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. பூமி சூரியனையும் சுற்றி வருவதால் இந்த நான்கு நிமிட வித்தியாசம் வருகிறது. நமக்கு வேண்டியது நட்சத்திரக் கணக்குதான். ஒரு முழுச் சுற்றை அந்த நேரத்தால் வகுத்தால், வானம் விநாடிக்கு 15 விகலை நகர்கிறது என்று கிடைக்கும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலவின் அகலம் அரைப் பாகை. அதாவது நிலவின் அகலம் அளவுக்கு வானம் நகர இரண்டே நிமிடம் போதும்.

இதை உங்கள் கேமராவின் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். பரவலாகப் புழங்கும் 24 மெகாபிக்செல் க்ராப் சென்சார் கேமராவில் ஒரு பிக்செலின் அகலம் ஏறத்தாழ 4 மைக்ரான். அதில் 50 மி.மீ லென்ஸ் மாட்டினால் ஒவ்வொரு பிக்செலும் வானத்தில் சுமார் 16 விகலையைப் பார்க்கும். வானம் நகர்வதோ விநாடிக்கு 15 விகலை. ஆக, வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய விநாடிக்கு ஒரு பிக்செல் தாண்டுகிறது. 200 மி.மீ லென்ஸ் என்றால் கால் விநாடியிலேயே ஒரு பிக்செல் தாண்டிவிடும்.

புகைப்படக்காரர்கள் கையாளும் 500 விதி ஒன்று உண்டு. 500-ஐ லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் வரும் விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பார்கள். க்ராப் சென்சாருக்கு அதை மேலும் 1.5-ஆல் வகுக்க வேண்டும். 50 மி.மீ லென்ஸுக்கு ஆறரை விநாடி வரும். அந்த ஆறரை விநாடியில் நட்சத்திரம் ஆறு பிக்செல் நீளத்துக்கு இழுபட்டிருக்கும். திரையில் சிறிதாகப் பார்த்தால் தெரியாது, பெரிதாக்கினால் தெரியும்.

ஆறரை விநாடி ஒளி ஒரு நெபுலாவுக்குப் போதாது. ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டினால் படம் வெளிச்சமாகத் தெரியலாம். ஆனால் சென்சாருக்கு வந்து சேர்ந்த ஒளி கூடாது. இரைச்சல்தான் பளிச்சென்று தெரியும். ஒளி கூட வேண்டுமென்றால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குக் கேமரா வானத்தைத் தொடர வேண்டும். வேறு வழி இல்லை.

கையால் தொடர்ந்த மனிதர்

வானத்தைத் தொடரும் கருவிக்கு 200 ஆண்டு வரலாறு உண்டு. ஜெர்மானியக் கண்ணாடி வல்லுநர் பிரான்ஹோஃபர் 1824-இல் தோர்பாத் நகர வான்காணகத்துக்குச் செய்து தந்த தொலைநோக்கியில், எடைக்குண்டு இறங்க இறங்கக் குழாயை மெல்லத் திருப்பும் கடிகார இயக்கம் இருந்தது. 1850 ஜூலையில் ஹார்வர்டில் பாண்டும் விப்பிளும் வேகா நட்சத்திரத்தைப் படம் எடுத்தார்கள். சூரியனைத் தவிர வேறொரு நட்சத்திரம் படத்தில் பதிந்தது அதுவே முதல்முறை. 1880-இல் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் தொடர்ந்து ஒளியேற்றி ஓரியன் நெபுலாவைப் பதிவு செய்தார்.

இந்த வரிசையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட். 1857-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வறிய குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதை எட்டும் பருவத்தில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கூரைமேல், சூரிய ஒளியைக் கொண்டு படங்களைப் பெரிதாக்கும் பெரிய கருவி ஒன்று இருந்தது. சூரியன் நகர நகர, சக்கரங்களைக் கையால் திருப்பி அந்தக் கருவியைச் சூரியனை நோக்கியே வைத்திருப்பதுதான் அந்தச் சிறுவனுக்கு இட்ட வேலை. மோட்டார் செய்யும் வேலையை ஒரு குழந்தை வெயிலில் நின்று செய்திருக்கிறது.

அதே மனிதர் 1889-இல் கலிபோர்னியாவின் லிக் வான்காணகத்தில், பழைய போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒன்றை வைத்துப் பால்வீதியைப் படம் எடுத்தார். கடிகார இயக்கம் இருந்தாலும் அதில் சிறு பிசகுகள் வரும். எனவே கண்ணைத் துணைத் தொலைநோக்கியில் பதித்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியின் மேலேயே வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் கையால் திருத்தியபடி இருந்தார். பால்வீதியில் கருமையாகத் தெரியும் இடங்களை முறையாகப் பட்டியலிட்டவர் அவர்தான். அவர் மறைந்த பின் 1927-இல் வெளிவந்த பால்வீதிப் பட ஏட்டை இன்றும் வானியலாளர்கள் புரட்டுகிறார்கள். பார்னார்ட் கண்ணாலும் கையாலும் செய்ததை நாம் இன்று ஒரு சின்ன மோட்டாரிடம் ஒப்படைக்கிறோம்.

கதவின் கணக்கு

பலகையும் கீலும் கொண்ட இந்த எளிய அமைப்பை 1975 ஏப்ரலில், ஸ்கை அண்ட் டெலஸ்கோப் இதழில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் என்ற ஆர்வலர் எழுதினார். அவர் பெயரால் ஹெய்க் மவுண்ட் என்றும், கதவுபோலத் திறப்பதால் பார்ன் டோர் டிராக்கர் என்றும் அது உலகமெங்கும் பரவியது. ஆரம்பத்தில் மோட்டார் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையால் திருகைத் திருப்பினார்கள்.

இதன் தத்துவம் இதுதான். விரித்த குடையின் காம்பைச் சாய்வாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். துணியின் ஒவ்வொரு புள்ளியும் காம்பை மையமாக வைத்து வட்டமடிக்கும். வானத்தின் காம்பு வட துருவத்தை நோக்கி இருக்கிறது. நம் கருவியின் கீல் அந்தக் காம்புக்கு இணையாக இருந்துவிட்டால், மேல் பலகை திறக்கும் திறப்பும் வானத்தின் சுழற்சியும் ஒன்றாகிவிடும்.

எவ்வளவு வேகத்தில் திறக்க வேண்டும்? எம்6 திரெட் ராடில் ஒரு சுற்றுக்கு நட்டு ஒரு மில்லிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மில்லிமீட்டர், வானம் ஒரு நிமிடத்தில் திரும்பும் கோணத்துக்குச் சமமாக வேண்டும் என்றால், கீலிலிருந்து ராடு 228.6 மி.மீ தொலைவில் இருக்க வேண்டும். எம்8 ராடு என்றால் ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ, தொலைவு 285.7 மி.மீ. இந்தத் தொலைவைக் கீலின் தகட்டு விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது. கீலின் நடுவே ஓடும் கம்பியின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். சுழற்சி நடப்பது அங்கேதான்.

கேமரா வடக்கு நோக்கிய கீலைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்ப வேண்டும். ஆகவே வடக்கே பார்த்து நின்றால் கீல் உங்கள் இடக்கைப் பக்கம், அதாவது மேற்கே இருக்கட்டும். ராடு கிழக்கே இருக்கட்டும். பலகை திறக்கத் திறக்கக் கேமரா மேற்கே சாயும்.

ராடு ஏன் வளைந்திருக்கிறது? பலகையின் முனை வட்டத்தில் நகர்கிறது. நேரான திருகோ நேர்க்கோட்டில் நகர்கிறது. கீழ்ப் பலகைக்குச் செங்குத்தாக ஒரு நேர்த் திருகை நிறுத்தி ஒரே வேகத்தில் ஓட்டினால், கேமரா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். முதல் 10 நிமிடத்தில் 6 விகலைகூட இல்லை, யாருக்கும் தெரியாது. 20 நிமிடத்தில் 46 விகலை. 30 நிமிடத்தில் 154 விகலை. பிழை நேரத்தின் மும்மடிக்கு வளர்கிறது. திருகின் இரு முனைகளையும் அசையும்படி அமைத்து, கீலிலிருந்து அந்த முனைகளுக்குப் போகும் முக்கோணத்தின் இரு பக்கங்களையும் சமமாக வைத்தால் இந்தப் பிழை எட்டில் ஒன்றாகக் குறையும். ராடை 228.6 மி.மீ ஆரத்துக்கு வளைத்துவிட்டால் பிழையே இல்லை. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ராடை நேராகவே விட்டுவிட்டு, கோணம் விரிய விரிய மோட்டாரின் வேகத்தைச் சற்றே கூட்டும்படி நிரலில் ஒரு வரி எழுதிவிடலாம். பட்டறை வேலை வசதிப்படாதவர்கள் இந்த வழியைப் பிடித்துக்கொள்ளலாம்.

பட்டறையில்

பலகைக்கு 18 மி.மீ பிளைவுட் போதும். கீலுக்கு ஆட்டம் இல்லாத, பலகையின் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் நல்லது. கதவுக் கீல்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு கீல்களை முடிந்தவரை தள்ளித் தள்ளிப் போடுங்கள். இரண்டின் நடுக்கம்பிகளும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

ராடை வளைக்க, பலகை ஒன்றில் ஆரத்தை வரைந்து, அதைவிடச் சற்றுக் குறைந்த ஆரத்தில் ஓர் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள். இரும்பு வளைத்துவிட்டால் கொஞ்சம் திரும்பி நிமிரும். அதற்காகத்தான் குறைந்த ஆரம். மரையில் சுத்தியல் படக் கூடாது. கையால் அழுத்தி, வரைந்த கோட்டோடு ஒட்டிப் பார்த்து, மறுபடி அழுத்தி, ராடு கோட்டில் படியும் வரை செய்ய வேண்டும். பிறகு நட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் ஓட்டிப் பாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே வளைவு சீராக இல்லை என்று பொருள்.

மோட்டாருக்குச் சென்னை ரிச்சி தெருவிலும், எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் 28பிஒய்ஜே-48 என்னும் ஐந்து வோல்ட் ஸ்டெப்பர் மோட்டாரே போதும். அதை ஓட்ட ஒரு யுஎல்என்2003 போர்டு, கட்டளையிட ஓர் ஆர்டுயினோ, மின்சாரத்துக்கு ஒரு பவர் பேங்க். பெரிய லென்ஸ் மாட்டுகிறவர்கள் நெமா 17 மோட்டாருக்குப் போகலாம்.

இந்தச் சின்ன மோட்டாரில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒரு சுற்றுக்கு 2048 அடி (ஸ்டெப்) என்றுதான் பெரும்பாலான இடங்களில் எழுதியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் பற்களை எண்ணிப் பெருக்கினால் விகிதம் 64 வராது, 63.68 வரும். ஆகவே ஒரு சுற்றுக்கு உண்மையில் 2038 அடிதான். பத்து அடி வித்தியாசம்தானே என்று விட்டால், கேமரா அரை விழுக்காடு வேகமாக ஓடும். நான்கு நிமிடத்தில் 18 விகலை முந்திவிடும், 50 மி.மீ லென்ஸில் ஒரு பிக்செல் போச்சு. மோட்டாரின் பற்சக்கரமும் நட்டின் பற்சக்கரமும் ஒரே அளவு என்றால், 2038 என்று எழுதினால் விநாடிக்கு 34 அடி. ஒவ்வோர் அடிக்கும் கேமரா அரை விகலைக்கும் குறைவாகவே நகர்கிறது. பிக்செல் பார்ப்பது 16 விகலை. ஆக மோட்டார் விட்டுவிட்டு நகர்வது படத்தில் தெரியவே தெரியாது.

எந்தப் பிழை பெரியது?

இனி நான் முதலில் சொன்ன கருத்துக்கு வருகிறேன். கருவி செய்கிறவர்கள் பலர் எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு செய்யப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் உழைப்பு சிதறிப்போகும். ஒவ்வொரு பிழையையும் பிக்செலாக மாற்றி எழுதிப் பாருங்கள். எங்கே உழைக்க வேண்டும் என்பது தானே தெரியும்.

ராடுக்கான துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்துவிட்டது என்று வையுங்கள். வேகத்தில் 0.44 விழுக்காடு பிழை. நான்கு நிமிடத்தில் ஒரு பிக்செல். இதற்காகப் பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். துளை எங்கே விழுந்ததோ அந்தத் தொலைவைச் சரியாக அளந்து, நிரலில் எண்ணை மாற்றினால் போதும். துளை 231 மி.மீ-இல் இருந்தால் விநாடிக்கு 33.97 அடிக்குப் பதில் 34.33 அடி. அவ்வளவுதான். துளை பிசகியதில் நட்டம் இல்லை. பிசகிய அளவு தெரியாமல் இருந்தால்தான் நட்டம்.

நட்டு கோணலாக உட்கார்ந்து ஆடுகிறது என்று வையுங்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆட்டம் 9 விகலை. ஒவ்வொரு நிமிடமும் நட்சத்திரம் முன்னும் பின்னும் போய் வரும். இதை நிரலால் சரிசெய்வது கடினம். எனவே பட்டறையில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். நட்டைப் பற்சக்கரத்தின் சரியான நடுவில் பொருத்தச் சொல்லுங்கள். லேத்தில் ஒருமுறை பிடித்துக் கடைந்து வாங்குங்கள். அடியில் ஒரு வாஷரும் கொஞ்சம் கிரீஸும் வையுங்கள். கோவையிலோ ஓசூரிலோ அம்பத்தூரிலோ லேத் ஓட்டுகிறவருக்கு இது சில நிமிட வேலை.

கீல் துருவத்தை ஒரு பாகை தவறிப் பார்க்கிறது என்று வையுங்கள். வானம் அதிகபட்சமாக நிமிடத்துக்கு 16 விகலை விலகும். 50 மி.மீ லென்ஸில் நிமிடத்துக்கு ஒரு பிக்செல், 200 மி.மீ லென்ஸில் நான்கு பிக்செல். இதுவரை சொன்னவற்றில் பெரிய பிழை இதுதான். ஆகவே இரவில் செலவிடும் கவனத்தில் பாதி இதற்குப் போக வேண்டும்.

கருவியைப் பகலிலேயே சோதித்துவிடலாம். மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் இடையே, ராடு நிற்கும் இடத்தில் வெர்னியர் வைத்து அளந்துகொள்ளுங்கள். மூடிய நிலையிலிருந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்தால் 59.8 மி.மீ திறந்திருக்க வேண்டும்; வளைவின் நீளம் 60 மி.மீ ஆனாலும் வெர்னியர் நேர்க்கோட்டில்தான் அளக்கும். அளவில் 0.1 மி.மீ தவறினாலும் பிழை 0.2 விழுக்காட்டுக்குள் அடங்கும். இரவில் எடுத்த படங்களும் பேசும். நட்சத்திரம் கிழக்கு மேற்காக நகர்ந்தால் பெரும்பாலும் வேகத்தில் பிழை. வடக்கு தெற்காக நகர்ந்தால் கீலின் திசையில் பிழை. நிமிடத்துக்கு ஒருமுறை போய்த் திரும்பினால் நட்டில் பிழை.

நம் ஊரில் துருவம்

துருவ நட்சத்திரம் வான துருவத்திலிருந்து முக்கால் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஏறத்தாழ நம் ஊரின் அட்சரேகை. சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, யாழ்ப்பாணத்தில் 10-க்குச் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் 8. மரங்கள், கட்டடங்கள், புழுதி, ஊர் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அந்த உயரத்தில் அதை மறைத்துவிடுகின்றன. துருவ நட்சத்திரம் உயரமாக நிற்கும் நாடுகளுக்கு எழுதிய செய்முறைகளை நாம் அப்படியே பின்பற்ற முடியாது.

ஆனால் நமக்குச் சாதகமான விஷயமும் இதிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கீலை 56 பாகை நிமிர்த்த வேண்டும். கேமராவின் எடை கீலின் நீளவாக்கில் இழுக்கும். நம் ஊரில் கீல் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது. மேல் பலகையின் எடை நேராக நட்டின்மேல் இறங்கி, மரையில் இருக்கும் ஆட்டத்தை அழுத்தி நிறுத்திவிடுகிறது. உயர்ந்த முக்காலியும் தேவையில்லை. தரையில் ஒரு சமப்பலகை, அதன்மேல் ஓர் ஆப்பு, ஆப்பின்மேல் கருவி போதும். 30 செ.மீ நீளப் பலகையின் வடக்கு முனையைச் சென்னையில் 6.8 செ.மீ, மதுரையில் 5.2 செ.மீ, யாழ்ப்பாணத்தில் 5 செ.மீ, கன்னியாகுமரியில் 4.2 செ.மீ உயர்த்தினால் கீல் துருவத்தின் உயரத்துக்கு வந்துவிடும். அடிப்பலகையைக் கொத்தனாரின் ரசமட்டத்தால் சமன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பிழை 12 கலைக்குள்தான். ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு.

உயரம் முடிந்தது, திசை மிச்சம். துருவ நட்சத்திரம் தெரிந்தால், கீலோடு ஒட்டிய ஸ்ட்ரா குழல் வழியாக அதைப் பாருங்கள். தெரியாவிட்டால் கோயில் கட்டும் சிற்ப நூல்கள் சொல்லும் சங்கு முறை இருக்கவே இருக்கிறது. தூக்குக்குண்டு பார்த்து ஒரு கோலை நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், மாலையில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. அதற்குச் செங்குத்து வடக்கு. ஏப்ரலில் உச்சி நிழலே விழாத நாட்களிலும் இந்த முறை வேலை செய்யும். திசைகாட்டியைவிட நம்பகமானது, ஏனென்றால் கருவியில் இருக்கும் இரும்பு அதன் முள்ளை இழுத்துவிடும்.

தமிழ்நாட்டின் காவலூர் வான்காணகத்தில் 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் போய்ப் பாருங்கள். அதன் பிரம்மாண்டமான அச்சும் தரையிலிருந்து பன்னிரண்டரைப் பாகைதான் சாய்ந்து துருவத்தைப் பார்க்கிறது. டன் கணக்கில் எடையுள்ள அந்தக் கருவிக்கும் உங்கள் பிளைவுட் பலகைக்கும் வடிவியல் ஒன்றே.

இரவில் என்ன எடுக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் வானம் தெளிவாக இருக்கும். மார்ச் மாத இரவில் தெற்கே பாருங்கள். மதுரை வானத்தில் கரீனா நெபுலா அடிவானத்திலிருந்து 20 பாகை உயரும். பின்னிரவில் ஒமேகா சென்டாரி என்னும் மாபெரும் நட்சத்திரக் கொத்து ஏறத்தாழ 33 பாகை உயரும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இவை உதிப்பதே இல்லை. ஏப்ரல் பின்னிரவில் தனுசு, விருச்சிகப் பகுதியின் பால்வீதி நடு வானத்துக்கு வந்துவிடும். துருவம் தாழ்ந்திருப்பதற்கு நமக்குக் கிடைத்த ஈடு இந்தத் தென் வானம்.

ஷட்டரைக் கையால் அழுத்தாதீர்கள், குறித்த இடைவெளியில் தானே ஷட்டரை இயக்கும் இன்டர்வலோமீட்டர் வையுங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து, லென்ஸைத் தொடாமல் விடுங்கள். கேமராவைக் கீலுக்கு முடிந்தவரை அருகில் பொருத்துங்கள். காற்றின் அசைவு குறையும். இரண்டு நிமிடப் படங்களாக முப்பது எடுத்தால் ஒரு மணி நேர ஒளி சேரும். 100 மி.மீ ராடு 100 நிமிடம் ஓடும். பிறகு பின்னோக்கிச் சுற்றி வைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 16 படங்களை அடுக்கினால் இரைச்சலோடு ஒப்பிட ஒளியின் பங்கு நான்கு மடங்காகும். 64 படங்களை அடுக்கினால் எட்டு மடங்கு. ஒரு மென்பொருளும் சேராத ஒளியைச் சேர்த்துத் தராது. சேர்ந்த ஒளியைத் தூய்மையாக்கும், அவ்வளவே. ஒளியைச் சேர்த்துத் தருவது உங்கள் பலகையும் திருகும்தான்.

மாணவர்களுக்கு

இந்தக் கருவியைச் செய்கிறவர் முக்கோணவியலைப் படித்தால் மட்டும் போதாது. அதை மரத்தில் துளையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டாரின் பற்சக்கர விகிதத்தை நம்பினால் மட்டும் போதாது. எண்ணிப் பார்க்க வேண்டும். பூமி சுழல்கிறது என்பது பாடப் புத்தகத்தில் ஒரு வரி. நட்டு நிற்கும்போது கோடாகவும் ஓடும்போது புள்ளியாகவும் பதிந்த அதே நட்சத்திரத்தின் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்த மாணவருக்கு, அந்த வரியை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. கணிதம், இயந்திரவியல், மின்னணுவியல், வானியல் நான்கையும் ஒரே பலகையில் சேர்க்கும் வேறொரு பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும், ஐ.டி.ஐ-யிலும், பள்ளி அறிவியல் மன்றத்திலும் ஒரு குழுவாவது இதைக் கையில் எடுங்கள். லேத் தெரிந்த ஒருவர், நிரல் எழுதத் தெரிந்த ஒருவர், கணக்குப் போடும் ஒருவர், கேமரா வைத்திருக்கும் ஒருவர் என நான்கு பேர் போதும். மழைக்காலத்தில் செய்யத் தொடங்கி, பிப்ரவரி அமாவாசைக்குள் முடித்துவிடுங்கள். ஊர் வெளிச்சம் எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்க் கேமராவைத் தெற்கே திருப்பி வையுங்கள். எடுத்த படத்தோடு நிறுத்திவிடாமல், அளந்த ஒவ்வொரு மில்லிமீட்டரையும், கண்டுபிடித்த ஒவ்வொரு பிழையையும் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் உங்கள் எண்களிலிருந்தே தொடங்கட்டும்.